லாரிக்கு அடியில் மியூ இருக்கிறதாம்!



ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் கண்காணிப்புப் பணியில் நிற்கும் ஆசிரியர்களுக்கு ஒரு நன்மை உண்டு. மாணவர்களின் உண்மையான பேச்சு அங்கேதான் காதில் விழும். வகுப்பில் ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்லத் தயங்கும் மாணவன், அங்கே பத்து நிமிடம் தடையின்றிப் பேசுவான். சென்ற தவணையில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் நண்பர்களைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு சொன்ன செய்தி இது: "கப்பல் நிக்கிற எடத்துல ஒரு லாரி இருக்கு. அத தள்ளுனா கீழ மியூ இருக்கும்!"

எனக்கு வியப்பாக இருந்தது. இந்தக் கதையை நான் முதன்முதலில் கேட்டது 2000ஆம் ஆண்டில். அப்பொழுது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். சொன்னவன் என் தம்பி. அவனுக்குப் பத்து வயது. இப்பொழுது சொல்லும் மாணவனோ அந்த விளையாட்டு வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன். ஏட்டில் எழுதிப் பாடமாக நடத்தினாலும் மறந்துபோகும் பிள்ளைகள், யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு கதையைத் தலைமுறை தாண்டிக் காப்பாற்றி வருகிறார்கள். இது எப்படி? இதில் நமக்குக் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா? அதைப் பற்றியே இந்தப் பதிவு.

விளையாட்டும் அதை உருவாக்கியவரும்

அறியாத பெற்றோர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போக்கிமோன் என்பது முதலில் கேலிச்சித்திரத் தொடர் அன்று; ஒரு விளையாட்டு. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், சப்பானில் நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் எனும் கையடக்கக் கருவிக்காக, சிவப்பு, பச்சை என்ற இரு பதிப்புகளாக வெளிவந்தது. விளையாடுபவர் ஒரு சிறுவனின் பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராகச் சென்று விந்தை உயிரினங்களைப் பிடித்து வளர்த்துப் போட்டியில் இறக்க வேண்டும். இவ்வகையைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பர். மொத்தம் 150 உயிரினங்கள். ஒரே பதிப்பில் எல்லாம் கிடைக்கமாட்டா. இரண்டு கருவிகளைக் கம்பியால் இணைத்து நண்பனோடு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதனை உருவாக்கியவர் சத்தோசி தாஜிரி. தோக்கியோ நகரத்தின் புறப்பகுதியான மாச்சிடாவில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சி பிடிப்பதில் பெருவிருப்பம் உடையவர். அவர் வளர வளர வயல்களும் குளங்களும் மறைந்து கட்டடங்கள் எழுந்தன. தாம் பெற்ற அந்த இன்பத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் தரவேண்டும் என்ற எண்ணமே இந்த விளையாட்டின் வித்து. இரு கருவிகளை இணைக்கும் கம்பியின் வழியே பூச்சி ஒன்று ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்தாராம். பணி முடிய ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. பொன்வண்டையும் சண்டைச் சிலந்தியையும் தீப்பெட்டிக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டு சென்ற நம் தோட்டப்புறத் தலைமுறைக்கு அவருடைய எண்ணம் எளிதில் விளங்கும்.

தம்பி செய்த சோதனை

இனி லாரிக் கதைக்கு வருவோம்.

அந்த விளையாட்டில் வெர்மிலியன் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அங்கே எஸ்.எஸ். ஆன் என்ற கப்பல் நிற்கும். கப்பல் தலைவரிடமிருந்து 'கட்' என்ற திறனைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்ததும் கப்பல் புறப்பட்டுவிடும், மீண்டும் வராது. அந்தத் துறைக்கு அருகில், தண்ணீருக்கு அப்பால் ஒரு சிறு நிலத்தில், காரணமே இல்லாமல் ஒரு லாரி நிற்கிறது. விளையாட்டில் வேறெங்கும் லாரியே இல்லை! நீரில் செல்லும் 'சர்ஃப்' திறன் இருந்தால்தான் அவ்விடத்தை அடையலாம். அந்தத் திறன் கிடைப்பதோ மிகவும் பிந்தி. அதற்குள் கப்பல் போய்விட்டிருக்கும். துறைக்குள் நுழையவும் வழி இராது.

ஆகவே பெரும்பாலான பிள்ளைகளால் அந்த லாரியைக் கிட்டச் சென்று பார்க்கவே முடியவில்லை. பார்க்க முடியாத இடத்தில் கதை முளைத்தது. பாறைகளைத் தள்ளும் 'ஸ்ட்ரெங்த்' திறனால் லாரியைத் தள்ளினால், அடியில் 151ஆவது உயிரினமான மியூ கிடைக்கும் என்பதே அக்கதை.

"அக்கா, அது இருக்குதுக்கா. ஆனா என் கப்பல் போயிருச்சு," என்று தம்பி ஒரு வாரம் புலம்பினான். பிறகு ஒரு நாள், தான் பல மாதங்கள் உழைத்துச் சேர்த்த விளையாட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். அந்தக் காட்ரிட்ஜில் ஒரே ஒரு சேமிப்புக்குத்தான் இடம் உண்டு. புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் பழையது போய்விடும். அவனுடைய உயிரினங்கள் அனைத்தும் போயின.

இம்முறை அவன் கப்பலில் திறனைப் பெற்றுக்கொண்ட பிறகு, கப்பலுக்குள்ளேயே ஒரு போட்டியில் வேண்டுமென்றே தோற்றான். தோற்றவன் மருத்துவ நிலையத்தில் கண்விழிப்பான். நடந்து வெளியேறாததால் கப்பல் புறப்படாது. இந்த நுணுக்கமும் பிள்ளைகள் வாய்வழியாகப் பரப்பியதுதான். அது உண்மையாகவே பலித்தது! சில வாரங்கள் கழித்து, தேவையான திறன்களோடு திரும்பி வந்து, நீரைக் கடந்து, லாரியின் முன்னால் நின்றான். தள்ளினான். எல்லாப் பக்கங்களிலிருந்தும் தள்ளினான். லாரி அசையவில்லை.

மறுநாள் பள்ளியில் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள் நம்பவில்லை. "நீ சரியா தள்ளல", "150உம் பிடிச்சிருக்கணும்", "நூறு தடவ தள்ளணும்" என்று நிபந்தனைகளைக் கூட்டிக்கொண்டே போனார்களாம். "நான் போய்ப் பாத்தேன்க்கா, அவங்க யாரும் போய்ப் பாக்கல. ஆனா எல்லாரும் அவங்க சொல்றதத்தான் நம்புறாங்க," என்று அவன் கண் கலங்கச் சொன்னது நினைவில் உள்ளது. வீட்டிலோ, "இத்தனை மாசத்த வீணாக்கிட்டான்" என்ற ஏச்சு.

அவன் எதையும் வீணாக்கவில்லை என்பது என் கருத்து. ஒரு கூற்றைக் கேட்டான். அதைச் சோதிக்க என்ன செய்யவேண்டும் என்று திட்டமிட்டான். விலை கொடுத்துச் சோதித்தான். கண்டதைக் கண்டபடி சொன்னான். ஊரே எதிர்த்தபோதும் மாற்றிச் சொல்லவில்லை. அறிவியல் பாடத்தில் நாம் கற்பிக்க விரும்புவது இதைத்தானே?

மயிலிறகும் லாரியும்

நம்மிலும் இப்படிப்பட்ட கதைகள் உண்டு. புத்தகத்துக்குள் மயிலிறகை வைத்தால் குட்டி போடும் என்று நம்பாத தமிழ்க் குழந்தை எது? அந்தக் கதையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வரும்: அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் குட்டி போடாது!

கவனியுங்கள். மயிலிறகுக் கதைக்கு 'திறந்து பார்க்காதே'. லாரிக் கதைக்கு 'கப்பல் போய்விட்டது'. இரண்டிலும் சோதனைக்கு ஒரு தடை இருக்கிறது. எளிதில் சோதிக்கக்கூடிய பொய் ஒரு நாளில் செத்துவிடும். சோதிக்கக் கடினமான பொய்தான் நெடுநாள் வாழும். பெரியவர்களாகிய நாம் புலனத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் செய்திகளையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

இங்கே தமிழாசிரியராக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 'இருக்கிறது' என்பது வேறு, 'இருக்கிறதாம்' என்பது வேறு. 'ஆம்' என்ற அந்தச் சிறு ஈறு, 'இதை நான் காணவில்லை; பிறர் சொல்லக் கேட்டேன்' என்பதை ஒரே எழுத்தொலியில் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லத் தனிச் சொற்றொடர் தேவை. நமக்கோ வினைமுற்றின் வாலிலேயே அமைந்திருக்கிறது. ஒரு கதை கைமாறிச் செல்லும்போது முதலில் உதிர்ந்து விழுவது இந்த 'ஆம்'தான். முதலாமவன் 'இருக்கிறதாம்' என்பான். இரண்டாமவன் 'இருக்கிறது' என்பான். மூன்றாமவன் 'என் அண்ணன் பார்த்தான்' என்பான்.

உண்மை கதையை வென்ற இடம்

இவ்வளவு கேட்டபின், 'ஆக மியூ என்பதே பொய்' என்று முடிவுகட்டத் தோன்றும். அதுதான் இல்லை!

மியூ உண்மையிலேயே அந்த விளையாட்டுக்குள் ஒளிந்திருந்தது. சிகேகி மொரிமோத்தோ என்ற நிரலாளர் அதனை இறுதிக் கட்டத்தில் உள்ளே வைத்தார். நிரலைச் சோதிப்பதற்காக வைத்திருந்த கருவிகளை நீக்கியபோது, காட்ரிட்ஜில் ஏறக்குறைய 300 பைட் இடம் காலியானது. இனி எதையும் தொடக்கூடாது என்ற கட்டம் அது. ஆனாலும் அந்தச் சிறு இடத்தில் 151ஆவது உயிரினத்தை நுழைத்துவிட்டார். விளையாடுபவர்கள் அதனை வழக்கமான முறையில் சந்திக்க வழியே இல்லை. நிண்டெண்டோவின் அன்றைய தலைவர் சத்தோரு இவாத்தா பிற்காலத்தில் நடத்திய நேர்காணல் ஒன்றில் இச்செய்தியை மொரிமோத்தோவே கூறியிருக்கிறார்.

300 பைட் என்பது எவ்வளவு? இணையத்தில் வழக்கமாகச் சேமிக்கப்படும் ஒருங்குறித் தமிழில் ஓர் எழுத்துக் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். ஆகவே நூறு குறியீடுகள். இந்தப் பதிவில் இரண்டு வரி அளவுக்குத்தான் வரும். அந்த இரண்டு வரி இடம்தான் உலகெங்கும் பிள்ளைகளைப் பேச வைத்தது.

நிரலில் இருந்த வழு காரணமாகச் சில விளையாட்டுக்காரர்கள் தற்செயலாக மியூவைக் கண்டனர். செய்தி பரவியது. 1996ஆம் ஆண்டு ஏப்ரலில் சப்பானின் கொரோகொரோ எனும் சிறுவர் இதழ், 20 பேருக்கு மியூ வழங்கப்படும் என்று ஒரு போட்டியை அறிவித்தது. ஏறத்தாழ 78,000 பேர் விண்ணப்பித்தனர். மெதுவாக விற்றுக்கொண்டிருந்த விளையாட்டின் விற்பனை அதன் பிறகே வேகமெடுத்தது.

கதை இன்னும் முடியவில்லை. 2003ஆம் ஆண்டில், மியூவை உண்மையாகவே பிடிக்கும் வழி ஒன்று விளையாட்டுக்காரர்களிடையே பரவியது. வழியில் நிற்கும் ஒரு போட்டியாளன் நம்மைப் பார்க்கும் அதே நொடியில் வேறிடத்துக்குப் பறந்துவிட வேண்டும். பிறகு வேறொரு சிறுவனின் ஸ்லோபோக் என்ற உயிரினத்தோடு மோத வேண்டும். அதன்பின் பழைய இடத்துக்குத் திரும்பினால் மியூ எதிரே வந்து நிற்கும்! காரணம் எளியது. விளையாட்டு குழம்பிப்போய், கடைசியாக மோதிய உயிரினத்தின் ஓர் ஆற்றல் மதிப்பெண்ணை எடுத்து, அடுத்து வரவேண்டிய உயிரினத்தின் எண்ணாகக் கொள்கிறது. அந்த ஸ்லோபோக்கின் மதிப்பெண் 21. நிரலுக்குள் மியூவின் வரிசை எண்ணும் 21.

என் தம்பி லாரியைத் தள்ளிய அதே காட்ரிட்ஜில், வேறொரு பாதையில், மியூ இருந்தது. பிள்ளைகள் சொன்ன இடம் தவறு. 'உள்ளே ஏதோ இருக்கிறது' என்ற அவர்களுடைய ஐயம் சரி. 'எல்லாம் புளுகு' என்று சொன்ன பெரியவர்களும் தவறிவிட்டார்கள். 2004ஆம் ஆண்டில் அந்த விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, உருவாக்கியவர்கள் அந்த லாரியின் அருகே ஒரு தின்பண்டத்தை ஒளித்து வைத்தார்கள். தேடிவந்த பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை போலும்.

மிஸ்ஸிங்நோ என்னும் 'பேய்'

இன்னொரு புகழ்பெற்ற கதை மிஸ்ஸிங்நோ. சின்னபார் தீவின் கிழக்குக் கரையோரமாக நீரில் மேலும் கீழும் சென்றால், உருவம் சிதைந்த ஒரு கட்டம் எதிரே வரும். அதைச் சிலர் பேய் என்றனர். சிலர் நீக்கப்பட்ட உயிரினத்தின் ஆவி என்றனர். பிடித்தால் விளையாட்டே அழிந்துவிடும் என்றும் சொன்னார்கள். ஆனால் பையில் ஆறாவதாக உள்ள பொருள் நூற்றுக்கும் மேலாகப் பெருகும் என்பதும் பேச்சு.

இதில் பேய் இல்லை. பெருகுவது மட்டும் முழு உண்மை. நிரலில் உயிரினங்களுக்காக ஒதுக்கப்பட்ட எண்கள் 190. அவற்றில் 151 எண்களில்தான் உயிரினங்கள் உள்ளன. எஞ்சிய 39 எண்கள் வெற்றிடங்கள். வெற்றிடத்துக்கு நிரலாளர் இட்ட பெயர்தான் 'எண் இல்லை' என்ற பொருள் தரும் மிஸ்ஸிங்நோ.

அது ஏன் வெளியே வருகிறது? விரிடியன் நகரத்தில் ஒரு முதியவர் உயிரினம் பிடிப்பது எப்படி என்று செய்து காட்டுவார். அப்பொழுது திரையில் அவர் பெயர் தோன்ற வேண்டும். அதற்காக, விளையாடுபவரின் பெயரை நிரல் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கிறது. அந்த வேறிடம், புல்வெளியில் எந்தெந்த உயிரினங்கள் வரும் என்ற பட்டியலுக்கு உரியது. சின்னபார் தீவில் புல்வெளி இல்லாததால் அங்குப் பட்டியல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆனால் அதன் கிழக்குக் கரையோ அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. ஆகவே விளையாடுபவரின் பெயரிலுள்ள எழுத்துகளே உயிரினங்களாக மாறி வருகின்றன! ஆளுக்கு ஆள் வேறு வேறு உயிரினம் வந்ததற்குக் காரணம் அவரவர் பெயர்தான். பிள்ளைகள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டார்களே, 'எனக்கு இது வந்தது', 'இல்லை, பொய்' என்று, இருவர் சொன்னதும் உண்மையாக இருந்திருக்கலாம்.

விளையாட்டு அழியும் என்ற அச்சமும் முழுப் பொய்யன்று. வெற்றியாளர் பதிவேட்டின் தகவல்கள் சிதைவதுண்டு, படங்கள் குழம்புவதுண்டு. முழுவதும் அழியும் என்பதுதான் மிகை.

பிள்ளைகள் சொன்னது சரி, பெரியவர் சொன்னது தவறு

ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது.

அந்த விளையாட்டில் சில தாக்குதல்களுக்குத் துல்லியம் நூறு விழுக்காடு என்று போட்டிருக்கும். ஆனால் "நூறு விழுக்காடுன்னு போட்டிருக்கு, ஆனாலும் தவறிருச்சு!" என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். பிற்காலத்தில் நிரலை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? கணினி 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை எடுக்கிறது. அது 255ஐவிடக் குறைவாக இருந்தால் தாக்குதல் பலிக்கும். 'குறைவாகவோ சமமாகவோ' என்று எழுதியிருக்க வேண்டும். சமம் விடுபட்டதால், சரியாக 255 வந்தால் தவறிவிடும். அதாவது 256இல் ஒருமுறை, நூறு விழுக்காடும் பொய்த்துப்போகும். கணிதத்தில் 'குறைவு', 'குறைவு அல்லது சமம்' என்ற குறிகளின் வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. உளவலிமை வகை உயிரினங்களை ஆவி வகையால் வெல்லலாம் என்று விளையாட்டுக்குள் வரும் ஒரு பாத்திரமே சொல்கிறது. தொலைக்காட்சித் தொடரிலும் கதாநாயகன் அதை நம்பித்தான் ஆவி வகை உயிரினத்தைத் தேடிப் போகிறான். ஆனால் விளையாடிப் பார்த்தால், ஆவி வகைத் தாக்குதல் உளவலிமை வகையைச் சிறிதும் பாதிக்காது. நிரலில் அப்படித்தான் எழுதப்பட்டுவிட்டது. ஏட்டில் உள்ளது ஒன்று, நடப்பது வேறு. ஏட்டை நம்புவதா, கண்டதை நம்புவதா என்ற கேள்வியைப் பத்து வயதுப் பிள்ளைகள் எதிர்கொண்டு, பலமுறை முயன்று பார்த்து, கண்டதை நம்பினார்கள்.

அதே பிள்ளைகள்தாம், பந்தை எறியும்போது கீழ்ப்பொத்தானையும் 'பி' பொத்தானையும் அழுத்திப் பிடித்தால் உயிரினம் தப்பாது என்றும் நம்பினார்கள். உலகெங்கும் இந்த நம்பிக்கை இருந்தது. பொத்தானுக்கும் பிடிபடுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிடிபட்டால் 'பார், பொத்தான்!' என்பார்கள். தப்பினால் 'சரியான நேரத்தில் அழுத்தவில்லை' என்பார்கள்.

இதனை வைத்து ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நடவடிக்கை செய்தேன். மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்தேன். ஒரு குழு 'வா வா ஆறே வா' என்று மந்திரம் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். மற்றக் குழு பேசாமல் உருட்ட வேண்டும். ஆறு விழும்போதெல்லாம் கோடிட்டுக் குறிக்க வேண்டும். முதல் நாள் மந்திரக் குழு முந்தியது, பெருங்கூச்சல்! மறுநாள் மீண்டும் செய்தோம். மற்றக் குழு முந்தியது. மூன்றாம் நாள், பின் வரிசையில் எப்போதும் மௌனமாக இருக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ரெண்டு குழுவோட மூனு நாள் கணக்கையும் கூட்டிப் பார்க்கலாமா?" நான் கற்பிக்க எண்ணியிருந்ததை அவளே கேட்டுவிட்டாள்.

அச்சமூட்டும் கதை

எல்லாக் கதைகளும் இப்படி விளையாட்டாக முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், பொண்ணு நாலு நாளா ராத்திரி தூங்க மாட்டேங்கிறா. ஏதோ பாட்ட கேட்டாளாம், அத கேட்டா செத்துருவாங்களாம்," என்றார்.

லாவெண்டர் டவுன் கதைதான் அது. விளையாட்டில் கல்லறைக் கோபுரம் உள்ள ஊர் அது. அதற்கு ஜுனிச்சி மசுதா அமைத்த இசை சற்று அச்சமூட்டுவதாகவே இருக்கும். 1996ஆம் ஆண்டில் அந்த இசையைக் கேட்ட நூற்றுக்கணக்கான சப்பானியக் குழந்தைகள் இறந்தனர் என்றும், அதிர்வெண் மாற்றப்பட்டுவிட்டது என்றும் ஒரு கதை 2010ஆம் ஆண்டு வாக்கில் இணையத்தில் கிளம்பியது. அது முழுக் கற்பனை.

'பொய், போய்ப் படு' என்று சொன்னால் அந்தப் பிள்ளை அமைதியடைந்திருக்கமாட்டாள். பெரியவர்கள் மறைக்கிறார்கள் என்றே எண்ணியிருப்பாள். ஆகவே மறுநாள் அவளோடு உட்கார்ந்து, உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன்.

1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் மாலை, சப்பானியத் தொலைக்காட்சியில் போக்கிமோன் தொடரின் 38ஆம் பகுதி ஒளிபரப்பானது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறி மின்னின. பார்த்த பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் மயக்கமும் வாந்தியும் ஏற்பட்டன. 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எவரும் இறக்கவில்லை. தொடர் நான்கு மாதங்கள் நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதி மறுபடி ஒளிபரப்பப்படவே இல்லை. மின்னும் ஒளிக்குக் கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டன. வெளிச்சமான அறையில், தள்ளி அமர்ந்து பாருங்கள் என்ற அறிவிப்பு சப்பானியக் கேலிச்சித்திரங்களில் இடம்பெறத் தொடங்கியது.

பிறகு ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்தோம். ஒருபுறம் 1997 நிகழ்ச்சி. மறுபுறம் இசைக் கதை. நாள் என்ன? எத்தனை பேர்? யார் சிகிச்சை அளித்தார்கள்? அதன்பின் என்ன மாற்றம் வந்தது? ஒருபுறம் எல்லாக் கேள்விக்கும் விடை இருந்தது. மறுபுறம் ஒன்றுக்கும் இல்லை. அவள் வெற்றுப் பத்தியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "685 பேர் மயங்கினதுக்கே இவ்ளோ நடந்திருக்கு. அத்தன பேரு செத்திருந்தா சும்மா விட்டிருப்பாங்களா டீச்சர்?" என்றாள். உண்மை நிகழ்ச்சி தடம் விட்டுச் செல்லும் என்பதை அவளே கண்டுகொண்டாள். அன்றிரவு தூங்கினாள் என்று தாயார் செய்தி அனுப்பினார்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, ஆசிரியர்களே, என் பட்டறிவில் பயன் தந்த சிலவற்றைக் கீழே தருகிறேன்.

1. பிள்ளை ஒரு விந்தைக் கதையைச் சொன்னால் 'பொய்' என்றோ 'ஆமாம்' என்றோ உடனே சொல்லாதீர்கள். "உனக்கு எப்படித் தெரியும்? பார்த்தாயா, கேட்டாயா?" என்று கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் அன்று. அறிய விரும்பும் குரலில்.

2. அவர்கள் எழுத்தில் 'ஆம்' ஈற்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கண்டதற்கு 'இருக்கிறது', கேட்டதற்கு 'இருக்கிறதாம்'. இலக்கணப் பாடமும் ஆயிற்று. நேர்மைப் பாடமும் ஆயிற்று.

3. 'இதைச் சோதிக்க என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். சோதிக்கவே முடியாதபடி நிபந்தனைகள் கூடிக்கொண்டே போனால், அதுவே ஓர் எச்சரிக்கை என்று காட்டிக்கொடுங்கள்.

4. சோதித்துப் பார்த்துத் தோற்று வரும் பிள்ளையை ஏசாதீர்கள். கூட்டத்துக்கு எதிராக 'நான் போய்ப் பார்த்தேன்' என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

5. கட்டுரைக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? 'லாரிக்கு அடியில் மியூ இருக்கிறதா?' என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எழுதத் திணறும் மாணவன் மூன்று பக்கம் எழுதுவான். நான் கண்டது, 'ஆம்' சேர்க்கத் தேவையில்லை.

விளையாட்டே கதி என்று பிள்ளைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. நேரக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். ஆனால் அவர்கள் விளையாட்டிலிருந்து கொண்டுவரும் கதைகளை நாம் காது கொடுத்துக் கேட்காவிட்டால், அவற்றை நம்மிடம் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். நம்புவதை நிறுத்தமாட்டார்கள். நாளை இதைவிடப் பெரிய கதைகள், பணத்தைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் மற்ற இனத்தவரைப் பற்றியும், அவர்களைத் தேடி வரும். அப்பொழுது சோதிக்கும் பழக்கம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் பள்ளியில், உங்கள் வீட்டில், பிள்ளைகள் இப்பொழுது என்ன கதை சொல்கிறார்கள்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒரு பட்டியல் தயாரித்து வருகிறார்கள். உங்கள் கதைகளையும் அதில் சேர்த்துக்கொள்வோம்.